தேக்கு ஜன்னலை எடுத்துவிட்டு யூபிவிசி போட்டோம்: நான்கு கோடைக்குப் பிறகு

போன வாரம் குடியாத்தத்திலிருந்து என் சகலை போன் செய்தார். அவருடைய தாத்தா கட்டிய வீட்டில் வேலை தொடங்கப் போகிறார். "நீங்க போட்டு இத்தனை நாள் ஆச்சே, யூபிவிசி ஜன்னல் போடலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். யூபிவிசி என்றால் கெட்டியான பிளாஸ்டிக் சட்டத்தில் கண்ணாடி பதித்த ஜன்னல்; நாங்கள் போட்டது பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற வகை. ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அவரிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேலூர் வேலப்பாடியில் இருக்கிறது. ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை), ஏழு ஜன்னல். எல்லாம் தேக்கு நிலை, நெட்டுக் கம்பி, மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு கதவு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அந்த மழையில் தெருப்பக்க ஜன்னல் கதவுகள் ஊறி உப்பி மூட முடியாமல் போயின. கட்டில் வரை சாரல். ஒரு நிலையின் அடிக்கட்டையைக் கரையான் தின்றிருந்தது. அந்தக் கோபத்தில் 2022 பிப்ரவரியில் ஏழையும் மாற்றிவிட்டோம். உண்மையில் கெட்டுப்போயிருந்தவை மூன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தெருப்பக்க அறையில் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆரணி ரோட்டுப் பஸ் ஹாரன் முன்பு தலைமாட்டில் அடிக்கிற மாதிரி கேட்கும். இப்போது எங்கோ தூரத்தில் கேட்கிறது. பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த மாதங்களில் பக்கத்து வீட்டில் நாளுக்கு இரண்டு தடவை துடைத்தார்கள், எங்களுக்கு ஒரு தடவை போதும். கொசுவலை தனி டிராக்கில் ஓடுவதால் மாலை ஆறு மணிக்கு அவசரமாக ஜன்னல் சாத்த வேண்டியதில்லை. கரையான் கவலை இல்லை, பெயின்ட் செலவும் இல்லை. இந்த நான்கு வருஷத்தில் இரண்டு ரோலர் தேய்ந்தன, மாற்றியாயிற்று. அதையெல்லாம் நான் குறை என்று சொல்ல மாட்டேன்.

மாட்டிய விதத்தில் குறை இருந்தது. பழைய வீட்டில் ஜன்னல் திறப்பு எந்த மூலையிலும் மட்டமாக இருக்காது. எங்களுடையது ஒன்றில் மேல் அகலத்துக்கும் கீழ் அகலத்துக்கும் முக்கால் அங்குல வித்தியாசம். ஃபோம் அடித்து, சிலிக்கான் பூசி, சுற்றிலும் சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் சரியாக நிற்காது. சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடுத்த மழைக்கே பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பிறகு சுண்ணாம்புக் காரையே வைத்துப் பூசினோம், அது நிற்கிறது. இன்னொன்று, கீழ்ச் சட்டத்தில் மழைத்தண்ணீர் வெளியே வடிய சின்ன ஓட்டைகள் உண்டு. அவற்றையும் சேர்த்து சிலிக்கானால் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! டிராக்கில் தண்ணீர் தேங்கி உள்பக்கமாக வழிந்தபோதுதான் தெரிந்தது. போன் செய்தால் வருகிறேன் வருகிறேன் என்றார்களே தவிர வரவில்லை. கடைசியில் ஒரு கம்பியால் நானே குத்தித் திறந்தேன். மாட்டுகிற அன்றே ஒரு செம்பு தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. எனக்கு ஆறாத விஷயம் வேறு.

எங்கள் கூடம் மேற்குப் பார்த்தது. மே 4 கத்திரி தொடங்கினால் வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊரைச் சுற்றிப் பாறை மலைகள். பகலில் வாங்கிய சூட்டை அவை ராத்திரியில் திருப்பித் தருகின்றன. அதற்கு என் அம்மா ஒரு வழி வைத்திருந்தார். காலை ஒன்பதரை மணிக்கு ஒவ்வொரு ஜன்னலாகப் போய் மரக்கதவுகளைச் சாத்தி, கொண்டி போட்டு வருவார். பத்து மணிக்குக் கூடம் இருட்டாகிவிடும். இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தரையில் விழும். அந்த இருட்டில் சிவப்புத் தரையில் பாயில்லாமல் படுத்தால் முதுகு குளிரும். மாலையில் மேல் கதவை மட்டும் திறப்பார், மேலே சேர்ந்த சூடு வெளியே போகும், தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது. வெயில் தாழ்ந்தபின் நான்கையும் திறப்பார்.

கண்ணாடி ஜன்னலில் இது எதுவுமே நடக்காது. சாத்தினாலும் வெயில் உள்ளே வந்துவிடுகிறது. தரையும் சோபாவும் சூடாகி, அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி வெளியே போக வழியில்லாமல் கூடத்திலேயே நிற்கிறது. கனமான திரை போட்டோம். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கை வைத்துப் பார்த்தால் அடுப்படி மாதிரி இருக்கிறது. வெயிலை வீட்டுக்குள் விட்டபின் திரை என்ன செய்யும்? சன் பிலிம் ஒட்டினோம். கண் கூச்சம் குறைந்தது, சூடும் கொஞ்சம் குறைந்தது. இருட்டு வரவில்லை. மாலையில் திறந்தால் ஸ்லைடிங் என்பதால் பாதி ஜன்னல்தான் திறக்கும், மறுபாதியில் எப்போதும் கண்ணாடி நிற்கும். நான்கடி அகல ஜன்னலில் காற்று வரும் வழி இரண்டடி கூட இல்லை.

அம்மாவுக்கு வயது எண்பதுக்கு மேல். முதல் கோடையில் ஒன்பதரை மணிக்கு எழுந்து ஜன்னல் வரை போய், கண்ணாடியைத் தள்ளிச் சாத்திவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மத்தியானத்தில் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன சாமான் அறையில் போய்ப் படுக்கிறார். அங்கே ஜன்னலே கிடையாது. இது எனக்கு ஒவ்வொரு நாளும் உறுத்துகிறது.

சகலையிடம் கடைசியில் "போடாதீங்க" என்றேன். நான் படுத்துத் தூங்குவது அதே யூபிவிசி ஜன்னலுக்குப் பின்னால்தான், அதைக் கழற்றச் சொன்னால் விடமாட்டேன். ஆனாலும் இந்தக் கத்திரியில் கேட்டால் இதுதான் பதில். அவர் விடாமல் கேட்டதால் இதையும் சொன்னேன்: ரோட்டுப் பக்கம் மட்டும் போடுங்கள். மேற்கு ஜன்னலை நல்ல ஆசாரியைக் கூப்பிட்டுக் கீல் மாற்றி, கெட்ட கட்டையை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுப் போடச் சொல்லுங்கள். தேக்கைப் பழைய சாமான் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்களுடையதில் ஐந்து ஜன்னல் போய்விட்டது. இரண்டு ஜன்னலின் கதவுகள், எட்டும், மாடி அறையில் சாத்தி வைத்தபடி இருக்கின்றன. கீல்களை நேற்று மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கூடத்து ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு சட்டம் அடித்து அவற்றை மாட்ட முடியுமா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வருகிறார்.