பிரேசில் பயிற்றுவிப்பாளரின் ஃபுட்சால் வகுப்பு: பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

ஃபுட்சால் என்பது அணிக்கு ஐந்து பேர் கடினத் தளத்தில் ஆடும் சிறு காற்பந்து. இது சிங்கப்பூரில் காலாங் பக்கம் சனிக்கிழமை காலை நடக்கும் வகுப்பு. நடத்துபவர் ஓய்வுபெற்ற பிரேசில் காற்பந்து ஆட்டக்காரர். பிரேசில் நட்சத்திரங்கள் ரொனால்டினோ, நெய்மார் எல்லாம் சிறுவயதில் ஃபுட்சாலில் கால் பழக்கியவர்கள். அந்த வழிதான் இங்கேயும்.

பந்து 4ஆம் அளவு, 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 65 சென்டிமீட்டரைத் தாண்டாது. காலடியிலேயே கிடப்பதால் உள்ளங்காலால் நிறுத்தி, உருட்டி, திரும்பப் பழகலாம். வீட்டிலிருந்து சாதாரணப் பந்தைக் கொண்டுபோனால் துள்ளி ஓடிவிடும்.

பிள்ளைகள் பலரும் ஊன்றுகாலில் எடை போடாமல் பந்தின்மேல் சாய்ந்து சறுக்குகிறார்கள். அவர் குனிந்து முட்டியை மடக்கிக் காட்டித் திருத்தும் பொறுமை அருமை!

கூட்டம் அதிகம், அது குறைதான். ஆணி வைத்த காலணி வேண்டாம். தட்டையான ரப்பர் அடி போதும்.