வெனிஸில் இரண்டு நாள்: வாபரெட்டோ பாஸ் வாங்கலாமா?

முரானோ, புரானோ போன்ற தீவுகளுக்கும் போவதாக இருந்தால், வாபரெட்டோ என்ற படகுப் பேருந்துக்கான 48 மணி நேர பாஸை யோசிக்காமல் வாங்கலாம். ஊருக்குள் மட்டும் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அது தேவையே இல்லை. சாந்தா லூசியா ரயில் நிலையத்திலிருந்து ரியால்டோ பாலத்துக்கு நடந்தால் ஏறக்குறைய 20 நிமிடம், அங்கிருந்து சான் மார்கோ சதுக்கத்துக்கு இன்னும் 10 நிமிடம். படகுக்குக் காத்திருந்து, நெரிசலில் நின்று போவதைவிட இதுவே சுகம்.

வாபரெட்டோவை ஓட்டுவது ஏசிடிவி நிறுவனம். 75 நிமிடம் செல்லும் ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ. பாஸ் 24 மணி நேரத்துக்கு 25, 48 மணி நேரத்துக்கு 35, 72 மணி நேரத்துக்கு 45, ஏழு நாளுக்கு 65 யூரோ. நான்கு தடவை ஏறினாலே 48 மணி பாஸின் காசு வந்துவிடும். 6 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்குச் சலுகை உண்டு. முதலில் 6 யூரோவுக்கு ரோலிங் வெனிஸ் என்ற சலுகை அட்டை வாங்க வேண்டும்; அதைக் காட்டினால் 72 மணி பாஸ் 27 யூரோ. இரண்டும் சேர்ந்தே 33 யூரோதான், பெரியவர்களின் 48 மணி பாஸைவிடக் குறைவு. இந்தச் சலுகையைக் கவுன்ட்டரில் அவர்களாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள்.

நேரம் ஓடத் தொடங்குவது பாஸை வாங்கும்போது அல்ல, படகுத்துறை மெஷினில் முதல் முறை வைக்கும்போது. அதனால் சாயங்காலம் வந்து இறங்கினால் அன்றைக்கு நடந்தே அறைக்குப் போய், மறுநாள் காலை தொடங்குவது லாபம். பெட்டி கனமாக இருந்தால் மட்டும் அன்றே தொடங்கலாம். பாஸ் கையில் இருந்தாலும், ஒவ்வொரு முறை ஏறும்போதும் படகுத்துறை வாசலில் உள்ள மெஷினில் வைத்தாக வேண்டும். விட்டுவிட்டுப் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்.

பலர் தடுமாறுவது 2ஆம் எண் படகில். ஊருக்குள் வரும் பேருந்துகள் நிற்கும் பியாசாலே ரோமாவிலிருந்து ஒரு திசையில் போனால் ரியால்டோ. எதிர்த் திசையில் போனால் ஜுதெக்கா தீவு வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு சான் மார்கோ பக்கம் வரும். எண்ணை மட்டும் பார்த்து ஏறினால், ஊரின் நடுவே போகும் பெரிய கால்வாயான கிராண்ட் கனாலையே பார்க்காமல் போய்ச் சேருவீர்கள். துறையின் பலகையில் அடுத்து வரும் நிறுத்தங்களையும் படியுங்கள்.

பாஸ் வாங்கினால் தவறவிடக் கூடாதது 1ஆம் எண் படகு. கிராண்ட் கனாலில் இக்கரை, அக்கரை என்று மாறி மாறி நின்று மெதுவாகப் போகும். சான் மார்கோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை கிடைக்க வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு முன்பே பியாசாலே ரோமாவில் ஏறுங்கள். அடுத்த நிறுத்தமான ரயில் நிலையத்திலேயே படகு நிரம்பிவிடும். இடதுபுறம் கா தோரோ மாளிகை வரும். வலதுபுறம் கா பெசாரோ மாளிகை, ரியால்டோ சந்தை, கா ரெட்சோனிகோ மாளிகை, கடைசியில் 1630ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பிறகு நேர்த்திக்கடனாகக் கட்டிய சலூத்தே தேவாலயம். ஒரு பக்கம்தான் பார்க்க முடியும் என்றால் வலப்பக்கம் நில்லுங்கள். துறையை நெருங்கியதும் ஊழியர் கயிற்றை இரும்புக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றுவார். கயிறு விறைத்து, படகு ஒட்டி நின்ற பிறகே கம்பிக் கதவு நகரும். அதுவரை அவர் நிற்கும் இடத்தை விட்டு விலகி இருங்கள். முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வைப்பது இங்கே எல்லோரும் எதிர்பார்க்கும் மரியாதை.

தீவுகளுக்கு 12ஆம் எண், ஃபொந்தாமென்தே நோவே துறையிலிருந்து. புரானோ போக முக்கால் மணி நேரம். முதலில் மிகத் தொலைவில் உள்ள டோர்செல்லோ, பிறகு புரானோ, திரும்பும்போது முரானோ என்று போவதே நல்லது. பிற்பகலில் புரானோ துறையில் கூட்டம் சேர்ந்து, படகு நிறைந்துவிட்டால் அடுத்ததற்குத்தான் நிற்க வேண்டும். முரானோவிலிருந்து ஊருக்கு வர வேறு லைன்களும் உண்டு. டோர்செல்லோவில் இறங்காமல் விடாதீர்கள். 639இல் நிறுவிய தேவாலயத்தில், இறுதித் தீர்ப்பைக் காட்டும் மொசைக் ஒரு சுவர் முழுக்க இருக்கிறது.

பாஸில் அடங்காதவையும் உண்டு. விமான நிலையத்துக்கு ஓடும் தனியார் அலிலகூனா படகு அடங்காது. மார்கோ போலோ விமான நிலையப் பேருந்துக்குத் தனிக் காசு. பாஸ் வாங்கும்போதே சேர்த்து வாங்கினால் சற்று மலிவு. கனாலைக் குறுக்கே கடக்க மட்டும் என்றால் சாந்தா சோஃபியா துறையில் த்ரகெத்தோ என்ற அக்கரைப் படகு இருக்கிறது, 2 யூரோவுக்கு அசல் கோண்டோலா வகைப் படகிலேயே அக்கரைச் சந்தையில் இறக்கிவிடுவார்கள். அரை மணி நேர கோண்டோலா சவாரிக்குப் பகலில் 90 யூரோ; படகுக்குத்தான் கட்டணம், ஆளுக்கு அல்ல.

குளிர்காலத்தில் கடல்மட்டம் ஏறும் நாட்களில், தாழ்வான பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாமல் சில லைன்கள் வழி மாறும். வேலைநிறுத்தமும் இத்தாலியில் அடிக்கடி நடப்பது, முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ‘ஷோப்பெரோ’ (வேலைநிறுத்தம்) என்ற அறிவிப்பைத் துறையில் பார்த்தால், அன்றைக்குத் தீவுத் திட்டத்தைத் தள்ளிவைத்து, புதிய பாஸையும் மெஷினில் வைக்காமல் ஊருக்குள் நடந்து பாருங்கள்.