கொடைக்கானலில் ‘வேலி வியூ’ அறைக்குக் கூடுதல் பணம் கட்டுமுன்

கோடை சீசனுக்கு இப்போதே கொடைக்கானலில் அறை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘வேலி வியூ’ (பள்ளத்தாக்கு தெரியும் அறை), ‘லேக் வியூ’ (ஏரி தெரியும் அறை) என்று ஓர் அறைக்கு மட்டும் தனி விலை போட்டிருந்தால், அறை எண், எத்தனையாவது மாடி, அந்த அறையின் ஜன்னலில் இருந்து எடுத்த படம் ஆகிய மூன்றும் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள். பொங்கல் விடுமுறையில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரிசார்ட்டின் பெயரைப் போடவில்லை. எங்கள் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தவிர, இதே ஏற்பாட்டை வேறு பெயர்களிலும் நடத்துகிறார்கள் என்பதால், பெயரைவிட அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வீட்டுக்குள் நடமாடுவார், கடை வரைக்கும் போய் வருவார். பள்ளத்தாக்கு விளிம்பை ஒட்டிப் போகும் கோக்கர்ஸ் வாக் மாதிரி ஏற்ற இறக்கமான பாதையில் ஒரு கிலோமீட்டர் நடப்பது அவரால் ஆகாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மேகம் காலுக்குக் கீழே போவதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் அந்த அறை. சாதாரண அறை 6,800 ரூபாய், வேலி வியூ 8,600. கட்டில், அறையின் அளவு, காலைச் சாப்பாடு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றேதான். நாங்கள் அறை புக் செய்த ஆப்பில் போட்டிருந்த படத்தில் பிரம்பு நாற்காலி இரண்டு, அதற்கு முன்னால் இரும்புக் கைப்பிடி, அதற்கு அப்பால் சமவெளி வரைக்கும் திறந்த பள்ளத்தாக்கு. பணம் கட்டுவதற்கு முன் ரிசார்ட்டுக்கே போன் செய்து, பால்கனியில் உட்கார்ந்தால் வேலி தெரியுமா என்று கேட்டேன். “நல்லா தெரியும் மேடம், ஃபுல் வேலி” என்றார்கள்.

கொடுத்தது தரைத்தள அறை, வரிசையின் கடைசி. பால்கனிக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சமையலறையின் நீல நிறத் தகரக் கூரை. அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு வழிந்து காய்ந்த புகைக்குழாய், பக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் பச்சை வலை போர்த்திய, பாதி கட்டிய இன்னொரு லாட்ஜ். குரங்குக்காக பால்கனி முழுக்கக் கம்பிவலை வேறு. இடது ஓரத்துக்குப் போய் வலையில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால், தொட்டிக்கும் கட்டடத் தூணுக்கும் நடுவே கையகலத்துக்கு ஒரு நீலம் தெரிகிறது. அதுதான் பள்ளத்தாக்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் அதுவும் கிடையாது. சாயங்காலம் சமையலறை விசிறி ஓட ஆரம்பித்ததும் வெங்காயம் வதக்கும் நெடி அறைக்குள் வந்துவிட்டது, கதவையும் சாத்தவேண்டியதாயிற்று. “பரவால்லம்மா, ரூமு கதகதன்னு இருக்கு, அது போதும்” என்றார் அம்மா. அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

வரவேற்பில் இருந்த பையன் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்ததும் சொன்னது: “மேடம், அந்த ரூம் வேலி சைடுதான் இருக்கு. மிஸ்ட் இருந்தா வியூ தெரியாதுன்னு டெர்ம்ஸ்லயே போட்டிருக்கோம்.” அன்றைக்கு மிஸ்ட்டே இல்லை. மழைக்காலம் முடிந்து ஜனவரியில் கொடைக்கானல் வானம் துடைத்துவிட்டது போலத்தான் இருக்கும். அவர்களுடைய ரெஸ்டாரன்ட் மொட்டைமாடிக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். பெரியகுளம் பக்கத்துச் சமவெளி பளிச்சென்று தெரிகிறது. அங்கே நிற்கும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆப் படத்தில் இருந்த அதே இரும்புக் கைப்பிடி, அதே வளைவு வேலைப்பாடு. அறையின் படம் என்று போட்டிருந்தது இந்த மாடியில் நாற்காலி போட்டு எடுத்த படம். போனில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, பேச்சை மாற்றினார்.

வேறு அறை கேட்டோம், ஹவுஸ் ஃபுல் என்றார். அப்படியானால் சாதாரண அறையின் வாடகையைப் போடுங்கள் என்றோம். “நீங்க ஆப்புல கட்டியிருக்கீங்க, அவங்ககிட்டதான் கேக்கணும்.” ஆப்பின் கஸ்டமர் கேரைப் பிடித்தால், ஹோட்டல்காரர்கள் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் திரும்பும் என்கிறார்கள். இருவருக்கும் நடுவில் அரைநாள் போயிற்று. கடைசியில் ராத்திரி கேம்ப் ஃபயர் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்றார் மேனேஜர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

விஷயத்தை என் கணவரிடம் உடைத்துச் சொன்னவர், சுடுதண்ணீர் கொண்டுவந்த ரூம் பாய். மேல்மாடி அறைகளில் மட்டும்தான் பள்ளத்தாக்கு தெரியுமாம். கீழே இருப்பவையும் அதே பக்கம் பார்த்திருப்பதால் எல்லாவற்றையும் ஒரே கேட்டகரியில் போட்டு, ஒரே விலைக்கு விற்கிறார்கள். யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்பது வந்து சேர்ந்த பிறகு முடிவாகிறது. நேரில் வந்து, அறையைத் திறந்து பார்த்து, பிடித்தால் எடுப்பது என்பது நம் ஊர்களில் சாதாரண வழக்கமாக இருந்தது. இப்போது வாகனத்துக்கு இ-பாஸ், எங்கே பார்த்தாலும் கூட்டம் என்று ஆனபிறகு எல்லோரும் வாரக்கணக்கில் முன்னாலேயே பணத்தைக் கட்டிவிடுகிறோம். இந்தக் கேட்டகரி வியாபாரம் அதை நம்பித்தான் ஓடுகிறது.

பில் வந்தபோது இன்னோர் அடி. இதைக் கவனமாகப் படியுங்கள், பலருக்கும் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, மொத்த வாடகைக்கும் 18. எங்கள் கணக்கைப் பாருங்கள். சாதாரண அறை எடுத்திருந்தால் 6,800-க்கு வரி 340, மொத்தம் 7,140. வியூ சேர்ந்ததால் 8,600-க்கு வரி 1,548, மொத்தம் 10,148. ஜன்னலுக்காக 1,800 கூடுதல் என்று திரையில் காட்டினார்கள், எங்கள் பையிலிருந்து போனது ஓர் இரவுக்கு 3,008 ரூபாய். வரி சட்டப்படி சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 7,500-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும் அறையை, வியூ என்று சொல்லி மேலே தள்ளும்போது உண்மையில் எவ்வளவு கூடுகிறது என்பதைக் கடைசித் திரையைப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது. சாதாரண அறை, வியூ அறை இரண்டையும் தனித்தனியாகக் கடைசித் திரை வரை கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, உண்மையாகவே வியூ இருக்கும் அறை என்றால் அந்தப் பணம் தகுமா? என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தகாது. கொடைக்கானலில் பள்ளத்தாக்கு நாள் முழுக்கத் தெரிவதில்லை. வெயில் ஏற ஏற, கீழே சமவெளியின் ஈரக் காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. அதனால் காலையில் தெளிவாக இருப்பது மதியத்துக்கு மேல் வெள்ளையாக மூடிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பல நாள் காலையிலும் ஒன்றும் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மேகமும் இடிமழையும் சகஜம். மதியம் அறைக்கு வந்து, சாயங்காலம் ஊர் சுற்றி, மறுநாள் காலை பத்து மணிக்குக் காலி செய்கிறவர்களுக்குக் கிடைப்பது ஒரு காலைநேரம் மட்டும்தான். அந்தக் காலைநேரக் காட்சியை கோக்கர்ஸ் வாக்கில் சொற்பக் கட்டணத்தில் பார்த்துவிடலாம்.

எங்கள் அம்மாவைப் போல நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், இரண்டு மூன்று நாள் அறையிலேயே இருந்து ஓய்வெடுக்க வருகிறவர்கள் கொடுக்கலாம். அதுவும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அவர்களுக்கு அது பெரிய சந்தோஷம், அதை நான் மறுக்கவே மாட்டேன். அப்படிப்பட்டவர்களிடம் போய் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதுதான் என் கோபமே.

புக் செய்வதற்கு முன் இடத்தை மேப்பில் சாட்டிலைட் படமாகத் திறந்து பாருங்கள். ஊரின் தென்விளிம்பில்தான் மலை செங்குத்தாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. ஏரி அதற்கு உள்ளே, மேடுகளுக்கு நடுவில், 1863-ல் கட்டிய செயற்கை ஏரி. ஏரிக்கரையில் இருக்கும் விடுதி ‘வேலி வியூ’ என்று விற்றால் எந்தப் பள்ளத்தாக்கு என்று கேளுங்கள். ‘வேலி சைடு’, ‘ஃபேசிங்’, ‘பார்ஷியல்’ என்று போட்டிருந்தால் அந்தத் திசையைப் பார்த்த சுவர் ஒன்று இருக்கிறது என்பதற்கு மேல் அவர்கள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ரிசார்ட்டுக்கே எழுதுங்கள்: ‘எந்த அறை எண்? எந்த மாடி? அந்த அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெளியே தெரிவதை இன்றைக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். அந்த அறை கிடைக்காவிட்டால் வித்தியாசத் தொகையை வரியோடு திருப்பித் தருவோம் என்று உறுதி சொல்லுங்கள்.’ உண்மையில் வியூ இருக்கிறவர்கள் உடனே அனுப்புகிறார்கள். ஊர் திரும்பியபிறகு சிலரிடம் கேட்டுச் சோதித்துப் பார்த்தேன், இரண்டு இடங்களில் பத்து நிமிடத்தில் வீடியோ வந்தது. ‘வந்து பாருங்க மேடம், சூப்பரா இருக்கும்’ என்று மட்டும் சொல்கிறவர்களிடம் சாதாரண அறையே போதும்.

மறுநாள் காலை அம்மாவைக் காரில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். அதிகம் நடக்கவேண்டியதில்லை. அங்கிருந்து பழனி மலை தெரிந்தது. கும்பிட்டுவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அறைக்குக் கொடுத்த கூடுதல் பணத்துக்குக் கிடைக்காதது அங்கே பணமில்லாமல் கிடைத்தது.

ஊருக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஆப் படத்தின் ஸ்கிரீன்ஷாட், நாற்காலியில் உட்கார்ந்தும் நின்றும் எடுத்த படங்கள், மொட்டைமாடிக் கைப்பிடியின் படம், பில் எல்லாம் இணைத்தேன். அதுவரை பேசவே மறுத்தவர்கள் அதன்பிறகு இறங்கிவந்து, வியூவுக்கான 1,800 ரூபாயை மட்டும் இரவுக் கணக்குப்படி திருப்பினார்கள். கூடுதல் வரியைத் திருப்ப முடியாது என்கிறார்கள். 6,800 ரூபாய் அறையைத்தான் கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டால், பில்லையும் அதன்படி திருத்தி கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) கொடுக்கவேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடைக்கானலுக்கோ திண்டுக்கல்லுக்கோ அலையவேண்டியதில்லை. 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். இதேபோல ஏமாந்து, பழைய பில்லையும் படங்களையும் இன்னும் வைத்திருக்கிறவர்கள் அவற்றை அழித்துவிடாதீர்கள்.