கடின நீருக்கு சாஃப்ட்னரா, ஆர்ஓவா?

குழாய், கீசர், வாஷிங் மெஷினில் உப்புப் படிவதுதான் தொல்லை என்றால் சாஃப்ட்னர்தான் சரி. அதனுள் இருக்கும் ரெசின் என்ற சிறு பிளாஸ்டிக் மணிகள் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஒன்று போய் இன்னொன்று வருவதால், கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எண் இறங்காது. அதைப் பார்த்து சாஃப்ட்னர் பழுது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கடினத்தன்மைக்கான சோதனைக் கிட்டில்தான் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 100 மி.கி. கடினத்தன்மை நீங்கினால் சுமார் 46 மி.கி. சோடியம் கூடும். ரெசினைப் புதுப்பிக்கும் உப்புத் தொட்டி காலியானால் பழையபடி கடின நீரே வரும். இரும்பு அதிகமிருந்தால் ரெசின் கெடும். முன்னால் தனி ஃபில்டர் வேண்டும்.

ஆர்ஓ, குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கரைந்த உப்பில் 90 சதவீதத்துக்கு மேல் நீக்கும். கணிசமான நீர் கழிவாகும். குளோரின், ஆர்ஓவில் உப்பை வடிகட்டும் மெல்லிய சவ்வான மெம்பிரேனைக் கெடுக்கும், அதனால் குளோரினை நீக்கும் கார்பன் ஃபில்டரைத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். சாஃப்ட்னருக்குப் பின்னால் ஆர்ஓவைப் பொருத்தினால் மெம்பிரேனில் சுண்ணாம்பு படியாது.