ஜேமீட்டர் ஒண்ணு சொல்லுது, கே6 வேற சொல்லுது, எத நம்புறது?

ரெண்டுமே ஒரு சைட் நெறய பேர் வந்தா தாங்குமான்னு பாக்குற லோடு டெஸ்ட் டூல். ஒரே சர்வர், ஒரே பேஜ், ஒரே மத்தியானம். ஜேமீட்டர் ரிப்போர்ட் ஜம்முனு இருக்கு, கே6 ரிப்போர்ட்ல பி95 (நூத்துல 95 ரிக்வெஸ்ட் இந்த நேரத்துக்குள்ள முடிஞ்சுதுங்கற அளவு) பல செகண்டுக்கு எகிறி நிக்குது. மொரீஷியஸ்ல, எபென்ல இருக்குற எங்க டீம்ல இத வெச்சு ரெண்டு நாள் சண்டை. டிக்கெட் விக்கிற சைட், காலைல 9 மணிக்கு விற்பனை திறக்கும், அந்த நிமிஷத்துக்காகத்தான் டெஸ்டே. எங்க மேனேஜர் இந்த ஊர் தமிழர், வீட்ல பேசுறது க்ரியோல் மொழி, தமிழ் கோவிலோட சரி. நல்லா இருக்குற ரிப்போர்ட்டையே க்ளையண்டுக்கு அனுப்பிடலாமேன்னு மெதுவா கேட்டார். நானும் முதல்ல கே6 ஸ்கிரிப்ட்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன், இல்ல.

விஷயம் டூல்ல இல்ல, லோடு எப்படி வருதுங்கறதுல இருக்கு. ஜேமீட்டரோட சாதா த்ரெட் குரூப்ல (எத்தன யூசர்னு சொல்ற இடம்) 100 யூசர்னா அந்த 100 பேர்தான், ஒருத்தருக்கு பதில் வந்தாத்தான் அவர் அடுத்த ரிக்வெஸ்ட் போடுவார். இது க்ளோஸ்டு மாடல். கே6ல நாங்க வெச்சது கான்ஸ்டண்ட் அரைவல் ரேட், அதாவது சர்வர் பதில் சொல்லுதோ இல்லையோ செகண்டுக்கு இத்தனைன்னு புது ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. இது ஓப்பன் மாடல்.

இங்க ரோஸ்ஹில் ஊர்ல ஒரு தால் பூரி வண்டிய நெனச்சுக்கோங்க. நாங்க பத்து பேர் போறோம், ஒரு ஜோடி வாங்கி தின்னுட்டு மறுபடி வரிசைல நிக்கிறோம், வண்டிக்காரர் கொஞ்சம் அசந்தாலும் வரிசை பத்த தாண்டாது. ஆனா 12 மணிக்கு பக்கத்து ஆபீஸெல்லாம் ஒண்ணா விட்டா, அவர் கேஸ் சிலிண்டர் மாத்துற அஞ்சு நிமிஷத்துல வரிசை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிடும்.

இப்ப கணக்கு. ஒரு நிமிஷ டெஸ்ட், ஒரே யூசர், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் 0.1 செகண்ட், நடுவுல சர்வர் 10 செகண்ட் உறைஞ்சு போகுதுன்னு வெச்சுக்குவோம். க்ளோஸ்டுல 50 செகண்ட்ல 500 நல்ல சாம்பிள், உறைஞ்ச நேரத்துக்கு ஒரே ஒரு கெட்ட சாம்பிள். ஆவரேஜ் 0.12 செகண்ட், பி99 கூட 0.1தான், உறைஞ்சது மேக்ஸ்ங்கற கட்டத்துல மட்டும் ஒத்தையா கெடக்கும், அத பாக்குறவங்க எத்தன பேரு. அதே சர்வருக்கு ஓப்பன்ல செகண்டுக்கு 10 ரிக்வெஸ்ட்னா மொத்தம் 600, அதுல 100 பேர் உறைஞ்ச நேரத்துல வந்து மாட்டுறாங்க, முதல்ல வந்தவர் 10 செகண்ட் நிக்கிறார், கடைசியா வந்தவர் நிக்கவே இல்ல. தெளிஞ்ச உடனே எல்லாருக்கும் ஒண்ணா பதில் போச்சுன்னே வெச்சாலும் ஆவரேஜ் 0.9 கிட்ட, பி95 7 செகண்ட், பி99 9க்கு மேல. ஆறுல ஒருத்தர் மாட்டியிருக்கார், முதல் ரிப்போர்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. கில் டெனேங்கற இஞ்சினியர் இதுக்கு கோஆர்டினேட்டட் ஒமிஷன்னு பேரு வெச்சார், சர்வர் திணறும்போது டூலும் கூடவே கேள்விய நிறுத்திக்குது, ரெண்டும் கூட்டு சேந்து மறைக்கிற மாதிரி.

அதுக்காக ஜேமீட்டர் மட்டம்னு சொல்ல வரல. 5.5 வெர்ஷன்லேர்ந்து அதுலயும் ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் இருக்கு, கே6லயும் சும்மா யூசர் எண்ணிக்கையும் நேரமும் மட்டும் குடுத்தா அதுவும் க்ளோஸ்டுதான். க்ளோஸ்டே சரியான இடமும் உண்டு, இங்க கால் சென்டர்ல 80 சீட்டுன்னா 80 பேர்தான், ஸ்கிரீன் சுத்திக்கிட்டு இருந்தா அவங்க காத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க, தெருவுலேர்ந்து 81வது ஆள் வரமாட்டார். அங்க ஓப்பன் போட்டா இல்லாத பயத்த கெளப்பி சர்வருக்கு வீணா காசு கட்டுவீங்க. டிக்கெட் சைட்டுக்கு ஓப்பன்தான், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

நம்பர பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கும்போது இன்னொரு வம்பு. ஜேமீட்டர் சொல்ற நேரத்துல கனெக்ஷன் போடுறதும் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கும் (பாதுகாப்பான கனெக்ஷனுக்கு முதல்ல நடக்குற பேச்சு) சேந்தே இருக்கும், கே6 சொல்ற ரிக்வெஸ்ட் ட்யூரேஷன்ல அது ரெண்டும் சேராது. கே6 சம்மரில பி99 தானா வராது, பி95 வரைக்கும்தான், நாமதான் கேட்டு வாங்கணும். ஜேமீட்டர் அக்ரிகேட் ரிப்போர்ட்ல 99 வரைக்கும் வரும், ஆனா ஆவரேஜ்தான் முன்னாடி நிக்கும், கண்ணு அங்கயே நின்னுடும். எது முன்னாடி வந்தா என்னன்னு மட்டும் இந்த ஊர்ல கேட்டுடாதீங்க, 1998ல ரூபா நோட்டுல தமிழ் எந்த வரில வரணும்னு பெரிய போராட்டமே நடந்து நோட்டையே திரும்ப வாங்குனாங்க.

எரர் பக்கம் கே6 கொஞ்சம் மேல். சர்வர் செத்துப்போய் 502ங்கற எரர பட்டுபட்டுனு திருப்பி அனுப்புச்சுன்னா ஆவரேஜ் சூப்பரா ஆயிடும், கே6 சரியான பதில்களோட நேரத்த சம்மரிலயே தனியா காட்டிடும். ஆனா அதுலயும் ஒரு பொறி இருக்கு, மேக்ஸ் யூசர கம்மியா வெச்சுட்டா அதால அனுப்ப முடியாத ரிக்வெஸ்ட் எல்லாம் டிராப்டு இடரேஷன்ஸ்னு ஒரு வரில போய் உக்காந்துக்கும். அந்த வரி சீரோவா இல்லன்னா நீங்க ஓட்டுனது முழு ஓப்பன் டெஸ்டே இல்ல.

எந்த டூலா இருந்தாலும் நான் முதல்ல போடுறது லிட்டில் கணக்கு, 1961ல ஜான் லிட்டில் நிரூபிச்சது. உள்ள இருக்குற ஆள் எண்ணிக்கை = செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் × ஒரு சுத்துக்கு ஆகுற நேரம். 100 யூசர், இடைவெளி இல்லாம, ஒண்ணுக்கு 0.2 செகண்ட்னா செகண்டுக்கு 500 வரணும். ரிப்போர்ட் 50ன்னு காட்டுச்சுன்னா யாரோ ரிக்வெஸ்ட்டுக்கு நடுவுல காத்திருக்க டைமர் வெச்சிருக்காங்க, இல்லன்னா லோடு அனுப்புற லேப்டாப்பே மூச்சு முட்டுது. ஜேமீட்டரோட விண்டோவ ஸ்கிரீன்ல தொறந்து வெச்சு கிராஃப் பாத்துக்கிட்டே ஓட்டுனா இதுதான் நடக்கும், நாங்களும் அப்படித்தான் ஓட்டியிருந்தோம், சொல்லவே வெக்கமா இருக்கு.

இடத்தையும் பாத்துக்கோங்க. எங்க சர்வர் கேப்டவுன்ல, கே6 ஓடுனதும் அங்கயே, ஜேமீட்டர் மட்டும் எபென் லேப்டாப்ல. நேர்கோட்டுலயே 4,000 கிலோமீட்டருக்கு மேல, ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், போயிட்டு வர 40 மில்லிசெகண்டுக்கு கீழ வரவே முடியாது, கேபிள் சுத்திப் போறதால அதுக்கும் மேலதான். அதுதான் எனக்கு வேடிக்க, தூரத்தையும் ஹேண்ட்ஷேக்கையும் சேத்து சொமந்த ரிப்போர்ட்தான் நல்லா இருந்துச்சு. கடைசில க்ளையண்டுக்கு கே6 ரிப்போர்ட்தான் போச்சு, கூடவே எபென்லேர்ந்து ஓப்பன் மாடல்ல ஓட்டுன இன்னொரு ஜேமீட்டர் ரன், இந்த தடவ விண்டோவ மூடிட்டு. ரெண்டுலயும் பி95 கிட்டத்தட்ட ஒரே மாதிரி அசிங்கமா இருந்துச்சு, மேனேஜர் ஒண்ணும் சொல்லல, டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் (ஒரே நேரத்துல எத்தன கனெக்ஷன் போகலாம்ங்கறது) எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு மட்டும் கேட்டார்.