ஒரே முகவரி எழுதிய ஜோடி: மூன்று நாள் திருமணத் தயாரிப்பு வகுப்பு பற்றி

2023 நவம்பரில் நானும் என் கணவரும் சென்னையில் ஒரு கத்தோலிக்கத் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய் வந்தோம். வெள்ளி காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை, மூன்று நாள். ஜோடிக்கு 3,000 ரூபாய் வாங்கினார்கள். மதியச் சாப்பாடு, டீ, நோட்டு, கடைசியில் தருகிற சான்றிதழ் எல்லாம் அதற்குள்ளேயே. வந்திருந்த மற்ற ஜோடிகள் எல்லாரும் இனிமேல்தான் கல்யாணம் செய்யப் போகிறவர்கள். நாங்கள் மட்டும் ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவர்கள். மகனுக்கு அப்போது நான்கு வயது. எங்களைப் போன்றவர்கள் அங்கே போனால் எப்படி நடத்துவார்கள், போவதில் பிரயோஜனம் உண்டா என்று போவதற்கு முன்னால் நிறையத் தேடினேன். யாரும் எழுதியிருக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் கதை சுருக்கமாக: நான் பாளையங்கோட்டை, ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம். அவர் நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை. வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் வேதக்கோயில்தானே என்று தோன்றும். எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்களுக்கு அது அவ்வளவு லேசு இல்லை. பெண் வீட்டில் சாமியார் (கத்தோலிக்கக் குரு) முன்னால் நடக்க வேண்டும் என்றார்கள், மாப்பிள்ளை வீட்டில் ஐயர் (சி.எஸ்.ஐ. போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) முன்னால் நடக்க வேண்டும் என்றார்கள். இரண்டு வருடம் பேசிப் பார்த்து ஓய்ந்துபோய், வேளச்சேரியில் வீடு பிடித்துச் சேர்ந்து வாழ ஆரம்பித்தோம். வீட்டுக்காரரிடம் கணவன் மனைவி என்றுதான் சொன்னோம். அந்தப் பொய் எனக்குத் தினமும் உறுத்தியது. 2018இல் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, மூன்று சாட்சிகளோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் கல்யாணம் கோயிலில் நடக்காததால், பூசைக்குப் போனால் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கும் நேரத்தில் நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். ஐந்து வருடம் அப்படித்தான் போனது. கடைசியில் கோயிலிலும் திருமணம் செய்துகொள்ளலாம் என்றுதான் இந்த வகுப்புக்குப் போனோம்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் நாள் காலை பதிவு மேஜையில் ஒரு படிவம் தந்தார்கள். மணமகன் முகவரி, மணமகள் முகவரி என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் ஒரே கதவிலக்கத்தை எழுதிக் கொடுத்தோம். மேஜையில் இருந்த தம்பி படிவத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் படிவத்தைப் பார்த்தார். "அக்கா, மணமகள் வீட்டு முகவரி இங்க எழுதணும்" என்றார். "இதுதான் தம்பி" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இப்படி ஒரு ஜோடி வரலாம் என்று அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் நினைக்கவே இல்லை. ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும், சேர்க்க வேண்டும்.

முதல் நாள் வகுப்புகள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது, கோபத்தைக் கையாள்வது, மாமியார் மருமகள் உறவு என்று போயின. பெண் பார்த்து இரண்டு தடவை போனில் பேசியவர்களுக்கு அது நிச்சயம் உதவும். எங்களுக்குப் பாதி தெரிந்த விஷயம். மதியத்துக்கு மேல் பேச வந்த ஒருவர் மட்டும் என்னை மிகவும் காயப்படுத்திவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து வாழ்கிறவர்கள், கடையில் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர்கள் மாதிரி என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் அழுதேன். வயதான ஒரு சிஸ்டர் டீ கொண்டுவந்து கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம்" என்றார் கணவர். அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

இரண்டாம் நாள் காலை திருச்சபைச் சட்டம் படித்த ஒரு சாமியார் வந்தார். இந்த ஒரு வகுப்புக்காகவே 3,000 ரூபாய் கொடுக்கலாம். நான் கைதூக்கி, "நாங்கள் ஏற்கெனவே பதிவுத் திருமணம் செய்தவர்கள், சும்மா மந்திரித்துவிட்டால் போதாதா?" என்று கேட்டேன். அறை அமைதியாகிவிட்டது. அவர் முகம் மாறவில்லை. "போதாதும்மா" என்றார். இருவரில் ஒருவர் கத்தோலிக்கராக இருந்தாலே, குருவின் முன்னாலும் இரண்டு சாட்சிகளின் முன்னாலும் சம்மதம் சொன்னால்தான் திருச்சபைக்கு அது திருமணம். மறைமாவட்டத்தின், அதாவது பிஷப்பின், விலக்கு இல்லாமல் பதிவு அலுவலகத்தில் சொன்ன சம்மதம் அந்தக் கணக்கில் வராது. அதனால் பழையதை ஆசீர்வதிப்பது என்ற பேச்சே இல்லை, அன்றைக்குப் புதிதாகச் சம்மதம் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். கேட்கும்போது முதலில் கோபம்தான் வந்தது. ஐந்து வருடம் வாழ்ந்தது ஒன்றுமில்லையா? அதையும் கேட்டேன். "வாழ்ந்ததை யாரும்மா இல்லைன்னு சொன்னா? அதையும் சேர்த்துத்தான் நீங்க கொண்டுவர்றீங்க" என்றார். 2014 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் ரோமில் புனித பேதுரு பெருங்கோயிலில் 20 ஜோடிகளுக்குத் திருமணம் செய்துவைத்ததையும், அவர்களில் ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்தவர்களும் குழந்தை உள்ளவரும் இருந்ததையும் சொன்னார். முந்தின நாள் சிரித்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலப்புத் திருமணம் பற்றி அவர் சொன்னதுதான் எங்கள் குடும்பத்தின் முடிச்சை அவிழ்த்தது. சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைத் திருச்சபை ஏற்கிறது. ஆகவே மறுபடி ஞானஸ்நானம் கிடையாது, மதம் மாறச் சொல்வதும் கிடையாது. மறைமாவட்டத்தின் அனுமதி மட்டும் வேண்டும். என் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கரான நான்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். அப்படி நான் வாக்குக் கொடுத்திருப்பது கணவருக்குத் தெரிந்திருந்தால் போதும், அவர் எதிலும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பில் இரண்டு பேரும் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1983 சட்டத்தொகுப்பு. "எம் மவன்ட்ட கையெழுத்து வாங்கி அவன அவுகளா மாத்திருவாக" என்று என் மாமனார் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பழைய விதியை வைத்துத்தான். அது அவர் அப்பா காலத்து நினைவு. உணவு இடைவேளையில் கணவர் மரத்தடியில் நின்று ஊருக்குப் போன் செய்து அரைமணி நேரம் பேசினார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது.

இரண்டு கோயிலிலும் ஒவ்வொரு தடவை கல்யாணம் என்று நினைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சம்மதம் ஒரே ஒரு தடவைதான் சொல்லலாம். ஆனால் நம் கோயிலில் நடக்கும் சடங்குக்கு ஐயரை அழைத்து, வேதம் வாசித்து ஜெபிக்கச் சொல்லலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அப்புறம் அந்தச் சாமியார் எங்களைப் போன்ற கலப்பு ஜோடிகளுக்கு மட்டும் தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்தார். தனித்தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயில்? காணிக்கை எங்கே? வீட்டில் எப்படிச் சேர்ந்து வேண்டுவீர்கள்? கணவர் "ஜெபம்" என்று எழுதியிருந்தார், நான் "செபம்" என்று எழுதியிருந்தேன். ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து வேண்டிக்கொண்டதே இல்லை என்பது அந்தத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவர் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தொடங்குவார், நான் "விண்ணுலகில் இருக்கிற" என்று தொடங்குவேன். வார்த்தை இடிக்கும் என்பதாலேயே இருவரும் மனசுக்குள் சொல்லிக்கொண்டோம்.

கடைசிக் கேள்வி: உங்களை எங்கே அடக்கம் செய்ய வேண்டும்? எங்கள் ஊர்ப்பக்கம் இது விளையாட்டு இல்லை. "கல்லறைத் தோட்டத்துல எடம் கெடைக்காது பாத்துக்க" என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் மிரட்டல். நான் யோசிக்காமல் "பாளையங்கோட்டை, ஆச்சி பக்கத்தில்" என்று எழுதியிருந்தேன். அவர் தாளில் "இரண்டு பேருக்கும் இடம் தருகிற இடத்தில்" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் வகுப்பு. இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாடு, பில்லிங்ஸ் முறை பற்றித் தெளிவாக, கூச்சமில்லாமல் பேசினார். புதியவர்களுக்கு நல்ல வகுப்பு. பிரசவம் முடித்த எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. சாப்பாடு மூன்று நாளும் சுமார். சாம்பார் சாதத்தில் குறை சொல்ல முடியாது.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டில் இருக்கும் பழையது செல்லாது, ஆறு மாதத்துக்குள் எடுத்தது கேட்பார்கள். திருமணத்தை ஞானஸ்நானப் பதிவேட்டிலும் குறித்து வைப்பார்கள், அதனால் புதுப்பிரதியைப் பார்த்தால் விவரம் தெரிந்துவிடும். பதிவுத் திருமணச் சான்றிதழின் நகலையும் கொண்டுபோங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. நாங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனோம். எல்லாருக்கும் அப்படி ஓர் அக்கா இருக்கமாட்டார். தவக்காலத்திலும் (ஈஸ்டருக்கு முன்னால்) திருவருகைக் காலத்திலும் (கிறிஸ்துமஸுக்கு முன்னால்) தேதி கிடைப்பது கடினம். எங்களுக்கு ஜனவரி கிடைத்தது.

வகுப்பு முடிந்த பிறகு பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியாக விசாரிப்பார். இது வகுப்பில் சேர்ந்தது இல்லை என்றாலும், வகுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால் என்னால் அங்கே உண்மையைச் சொல்லியிருக்க முடியாது. கதவைச் சாத்திவிட்டு, "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுச் சுதந்திரத்தோடு வருகிறாயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நின்றுவிட்டேன். அம்மா என்னோடு பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அம்மா பேச வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதையே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "போய்ட்டு அடுத்த வாரம் வாம்மா, அவசரமில்ல" என்றார்.

அந்த ஒரு வாரம் வேலைக்குப் போனேன், சமைத்தேன், மகனைத் தூங்க வைத்தேன், யோசித்துக்கொண்டே இருந்தேன். அம்மா கடைசிவரை பேசாவிட்டாலும் எனக்கு இது வேண்டுமா? ஒவ்வொரு ஞாயிறும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் இடம் தருகிற இடத்தில் என்று இவர் எழுதியது நினைவுக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை போய் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வகுப்புக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது சேலைக் கதைக்காகவும் படிவத்துக்காகவும். பின்னூட்டத் தாளில் இரண்டையும் எழுதி, பெயரும் போட்டுத்தான் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "கல்யாணப் பொண்ணு எங்க இருந்து கெளம்பப் போற? வேளச்சேரில இருந்தா? வீட்டுக்கு வா" என்றாள். மகனையும் தூக்கிக்கொண்டு அன்று இரவே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.