நாலு துளை, ஒரு கீறல்: சேலத்தில் பத்து நாள்

தை மாதம் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் நேரம். வழக்கமாக லண்டனிலிருந்து நேரே நாகலூரில் மாமா தோட்டத்துக்குத்தான் போவேன். இந்த முறை சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ரத்தசோகை ஏன் என்று தேடப் போய், மாமாவின் பெருங்குடலில் வலப்பக்கம் புற்றுநோய் இருப்பது தெரிந்திருந்தது.

"கேமரா ஆபரேஷன்தானாம் கண்ணு, வயித்தைக் கிழிக்க மாட்டாங்களாம்" என்று அத்தை நிம்மதியாக இருந்தார். ஆனால் ஒப்புதல் தாளில் 'தேவைப்பட்டால் திறந்து செய்யப்படும்' என்று இருந்ததைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மருத்துவர் சலித்துக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். நாலு சின்னத் துளை. கரியமில வாயு செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, கேமராவில் பார்த்துக் குடலைப் பிரிப்பார்கள். வெட்டிய பகுதியை வெளியே எடுக்கத் தொப்புளருகே ஐந்து சென்டிமீட்டர் கீறல் எப்படியும் வேண்டும். "உள்ளே செய்யற வேலை ரெண்டுலயும் ஒண்ணுதாங்க. ரத்தம் கசிஞ்சாலோ, கட்டி பக்கத்து உறுப்புல ஒட்டியிருந்தாலோ திறந்துடுவேன். அதைத் தோல்வின்னு நினைக்காதீங்க" என்றார். அத்தை கையெழுத்துப் போட்டார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. துளை போட்டுச் செய்வதையும் திறந்து செய்வதையும் ஒப்பிட்டு, வட அமெரிக்காவில் 48 மருத்துவமனைகளில் 872 பேரிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வைப் படித்தேன். மூன்றாண்டுக்குள் நோய் திரும்பியது துளைமுறையில் 16 சதவீதம், திறந்த முறையில் 18; பெரிய வேறுபாடே இல்லை. துளைமுறைக்கு நேரம்தான் கூடுதல், 95 நிமிட வேலைக்கு 150 நிமிடம். வீடு திரும்புவது ஒரு நாள் முன்னதாக. ஐந்தில் ஒருவருக்கு நடுவில் திறக்க வேண்டி வந்திருக்கிறது. அப்போதுதான் அந்தத் தாளின் வரி எனக்கு முழுதாகப் புரிந்தது.

மாமாவுக்குத் திறக்கும்படி ஆகவில்லை. மறுநாள் வயிற்றைவிடத் தோள்தான் வலிக்கிறது என்றார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை வாயு உறுத்துவதால் வரும் வலி, ஓரிரு நாளில் போய்விடும் என்று சிஸ்டர் சொன்னார். அன்று மாலையே வராந்தாவில் நடக்க வைத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயி ஒருவர். மார்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை தையல். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொள்வார்; முகம் வெளிறிவிடும். காப்பீட்டு அட்டையில் வந்தவர் என்பதால்தான் கிழித்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. மருத்துவரிடமே கேட்டேன். குடல் அடைத்து, ஊதிப்போய் நள்ளிரவில் வந்தவர் அவர். உப்பிய குடல் வயிற்றை நிறைத்திருக்கும்போது கேமராவுக்கு இடமேது? திறந்ததால்தான் பிழைத்தார். நான் நினைத்தது தவறு.

குறை ஒன்று உண்டு. குடலை இணைக்கும் ஸ்டேப்லருக்குத் தனிக் கட்டணம் என்பதை ஆபரேஷன் அன்று காலையில்தான் சொன்னார்கள். நோயாளி பச்சை உடையில் படுத்திருக்கும் நேரத்தில் யார் பேரம் பேசுவார்கள்? மதிப்பீட்டுத் தாளைக் கொடுக்கும்போதே அதையும் எழுதியிருக்க வேண்டும். ஊருக்கு வந்து பெரியவர்களைச் சேர்ப்பவர்கள் இதை முதலிலேயே கேளுங்கள். அப்புறம், அந்த மருத்துவர் துளைமுறையில் எத்தனை குடல் எடுத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.

பயாப்ஸி முடிவு வந்தது. குடலோடு சேர்த்து எடுத்த, நோய் பரவியிருக்கிறதா என்று காட்டும் பதினெட்டு நிணநீர்க் கணுக்களைச் சோதித்ததில் ஒன்றிலும் நோய் இல்லை. குறைந்தது பன்னிரண்டு கணுக்களையாவது பார்த்தால்தான் நம்பலாம் என்பதால், எண்ணிக்கையைத்தான் நான் முதலில் தேடினேன். தாளை அத்தையிடம் கொடுக்கும்போது கை நடுங்கியது.

மலை ஏறும்போது மாமாவும் ஒரு தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டார். அந்த விவசாயி சொல்லிக்கொடுத்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏரி தெரிந்த பிறகுதான் அதை விட்டார். மூட்டை ஏற்ற ஆள் குறைகிறது என்று மேஸ்திரி சொன்னதும் எழுந்து நின்றார். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாதென்று அத்தை அதட்டி உட்கார வைத்தார்.